தறி இருக்கும் வீட்டில் வளைகாப்பு!

"மண்டபம் புடிச்சிடலாமா, வீட்டுலயே வச்சிக்கலாமா?"

மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கும்போது எல்லா வீட்டிலும் எழும் கேள்விதான் இது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கும் ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும்.

"வீட்டுலன்னா தறிய என்ன பண்றது?"

சோபாவைத் திருப்பிப் போடலாம். கட்டிலைப் பிரித்து மாடியில் வைக்கலாம். டிவி ஸ்டாண்டை மூலைக்குத் தள்ளலாம். தறியை மட்டும் எதுவும் செய்ய முடியாது. குழித்தறி என்றால் அது தரையோடு சேர்ந்தது. நெசவாளர் கால் தொங்கவிட்டு மிதிக்கும் குழி தரையில் தோண்டப்பட்டிருக்கும். மேலே ஜக்கார்டு பெட்டி. முன்பக்கம் நெய்த சேலை சுருட்டிய மரம். பின்பக்கம் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் இழுத்துக் கட்டிய பாவு. வீட்டில் இருப்பதிலேயே நீளமான, வெளிச்சமான இடத்தை அதுதான் எடுத்துக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் உட்கார வேண்டிய இடமும் அதேதான்!

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னால் திண்ணை. உள்ளே நுழைந்ததும் தறிக்கூடம். அதற்குப் பின்னால் ஓர் அறை, அடுக்களை, கொல்லைப்புறம். அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றி, கோர்வைக்குக் கை கொடுக்கிறார். பாட்டி திண்ணையில். மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். சம்பந்தி வீட்டார் சென்னையிலிருந்து வருவார்கள். மொத்தம் 60 பேர். இந்த வீட்டில் விசேஷத்தை எப்படி நடத்துவது?

முடியும். ஆனால், வீட்டை ஒழிப்பதில் தொடங்கக் கூடாது. வீட்டில் நகர்த்தவே கூடாத பொருள் எது என்று முதலில் முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைக்க வேண்டும். தறி இல்லாத வீடுகளுக்கும் இதே கணக்குதான். படுத்த படுக்கையான தாத்தாவின் கட்டில், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையின் மேஜை, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'தறி' இருக்கிறது.

நல்ல நாளும், பாவு முடியும் நாளும்

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு தறியையும் பார்க்க வேண்டும். ஒரு பட்டுச் சேலை முடிய, வேலைப்பாட்டைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பாதி நெய்த சேலை தறியில் நிற்கும்போது விசேஷம் வந்தால் மனசு முழுக்க அதன் மீதே இருக்கும்.

வளைகாப்புக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு முகூர்த்த நாள் கிடைக்கும். அதில், கையில் இருக்கும் சேலை அறுத்து முடிந்து, அடுத்ததைத் தொடங்குவதற்கு முந்தைய நாளாக அமைந்தால் நிம்மதி. பழைய பாவு தீர்ந்து, புதிய பாவு ஏற்றுவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி என்றால் இன்னும் விசேஷம். அப்போது தறியில் இழுத்துக் கட்டிய இழைகளே இருக்காது. புதிய பாவு ஏறிவிட்டால், பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக இணைக்கும் பொறுமையான வேலை அது. அந்த நேரத்தில் வீட்டில் கூட்டம் ஆகவே ஆகாது.

இதில் பணக் கணக்கும் உண்டு. நெசவாளருக்குக் கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. விசேஷத்துக்கு முன்னால் நான்கு நாள், பின்னால் நான்கு நாள் என்று தறி நின்றால், அந்த எட்டு நாளும் வருமானம் இல்லை. மண்டப வாடகையை மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். அது தறி நின்ற நாட்களில் போயிருக்கும். எனவே, 'தறி எத்தனை நாள் நிற்கலாம்?' என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. முந்தைய நாள், விசேஷ நாள், மறுநாள் காலை. இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளத் திட்டமிடலாம்.

யார் யார் வருகிறார்கள்?

அடுத்தது, பட்டியல். 60 பேர் என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதாது. அதில் முட்டி வலியால் தரையில் உட்கார முடியாதவர்கள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் எத்தனை பேர், சர்க்கரை நோய்க்காக நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள் யார், வெளியூரிலிருந்து காலையிலேயே வந்துவிடுபவர்கள் யார் என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். நாற்காலி எத்தனை, பந்தி எத்தனை, காலை டிபன் எத்தனை பேருக்கு என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

60 பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை. வளையல் போடும்போது பெண்கள் உள்ளே, ஆண்கள் திண்ணையிலும் பந்தலிலும். சாப்பாடு 20 பேராக மூன்று பந்தி. சின்ன வீட்டிலும் இந்த அளவு தாங்கும்.

குழிக்குப் பலகை, பாவுக்குத் துணி

தறிக்கூடத்தில் விருந்தாளிகள் நடமாடுவார்கள் என்றால் முதல் வேலை, தறிக்குழியை மூடுவது. வீட்டுக்காரர்களுக்கு அது பழகிய இடம். இருட்டிலும் சுற்றிக்கொண்டு போவார்கள். வெளியூர்க் குழந்தைக்கும், கண் மங்கிய பெரியவருக்கும் அது வெறும் பள்ளம். கெட்டியான பலகை போட்டு, ஆடாமல் நிற்கிறதா என்று ஒருவர் ஏறி நின்று பார்த்துவிட வேண்டும். அதன் மேல் பாய் விரித்து மறைத்துவிடுவது ஆபத்து; அடியில் குழி இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். தறிக்கு முன்னால் நாலு நாற்காலியை வேலி மாதிரி வரிசையாகப் போட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது, பாவு. சேலை தறியில் நின்றால், முதலில் துவைத்த பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை நேரடியாகப் போட்டால் உள்ளே ஈரம் கட்டும். வெள்ளி சேர்ந்த சரிகைக்கு ஈரமும் வியர்வையும் சென்ட்டும் ஆகாது, கறுத்துவிடும். ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால் வேட்டிக்கு மேலே போட்டு, விசேஷம் முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்.

வளைகாப்பில் வரும் பொருட்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சந்தனம், குங்குமம், மஞ்சள், எண்ணெய் விளக்கு, கண்ணாடி வளையல், ஆரத்தி. பட்டுக்கு ஆகாதவை அத்தனையும் ஒரே தட்டில்! மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் ஒரு சொட்டு தெறித்தாலும் கறைதான். அதனால் ஆரத்தி சுற்றுவதை வாசலிலேயே வைத்துக்கொண்டு, அங்கேயே கொட்டிவிடலாம். சந்தனம் பூசிய கையைத் துடைக்க, மகளின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஈரத்துணியும் காய்ந்த துணியும் வைத்துவிடுங்கள். உடைந்த வளையலைப் போட ஒரு பழைய டப்பா. கண்ணாடிச் சில்லு ஒன்று தறிப்பக்கம் கிடந்தால், நாளைக்கு அது வெறும் காலில் மிதிப்பவரைக் குத்தும்; இல்லையென்றால் இழையை அறுக்கும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று சென்னை உறவினருக்குத் தோன்றலாம். தறியில் இருக்கும் பட்டும் சரிகையும் பல வீடுகளில் அந்த வீட்டுக்காரர்களுடையதே அல்ல. கூட்டுறவு சங்கமோ, தறி முதலாளியோ கொடுத்தவை. கறை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நெய்பவர். 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்கு எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும், ஒரு கை அகலக் கறைக்கு வெட்டு விழுவது கூலியில்தான்.

அதற்காகத் தறியை ஃப்ளெக்ஸ் பேனர் வைத்து மறைக்க வேண்டுமா? வேண்டாம். வருபவர்களில் பாதிப் பேர் தறியைப் பக்கத்தில் பார்த்திருக்கவே மாட்டார்கள். குழந்தைகள் நாடாவைக் கையில் எடுக்க ஆசைப்படுவார்கள்; இளசுகள் தறி பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். வீட்டில் நெசவு தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் நின்று, "தொடாம பாருங்கம்மா, நான் சொல்றேன்" என்று ஐந்து நிமிடம் விளக்கினால், அதுதான் விருந்தாளிகள் ஊருக்குப் போய்ப் பேசும் விஷயமாக இருக்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்து இரண்டையும் பிரியாமல் சேர்க்கும் கோர்வை வேலையை, அதைச் செய்பவர் வாயாலேயே கேட்க வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்?

தெரு நம்முடையது மட்டும் அல்ல

பந்தல் போடும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். எல்லா ஊருக்கும் பொருந்தும் மரியாதைதான் இது. நெசவுத் தெருவில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. அதிகாலையில் தெருவில்தான் பாவை நீளமாக விரித்து இழைகளைச் சீர் செய்வார்கள். நம் பந்தல் கால் எதிர்வீட்டுப் பாவுக்குக் குறுக்கே நின்றுவிட்டால், அவர் வீட்டில் ஒரு நாள் வேலை கெடும். "அக்கா, வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல வளைகாப்பு. அன்னிக்குப் பாவு எதுவும் விரிக்கிறீங்களா?" என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவிட்டால் பிரச்னையே இல்லை. கேட்ட வீட்டுத் திண்ணையே நமக்கு இரண்டாவது பந்தி இடமாகவும் கிடைக்கும்!

மைக் செட் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். நலங்குப் பாட்டுப் பாடப் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கருக்கு வேலை இல்லை. அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். யாராவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பந்தல் விஷயத்தில் ஒரு பழைய துயரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண வீட்டு விழாவில், மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தீ பரவிய வேகத்தில் எல்லோராலும் வெளியேற முடியவில்லை. 60 பேர் கூடும் வீட்டிலும் அதே மூன்று விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும். பந்தலுக்கு உள்ளே வரவும் போகவும் இரண்டு வழி இருக்கிறதா? அடுப்பும் விளக்கும் பந்தல் துணியிலிருந்தும் கீற்றிலிருந்தும் தள்ளி இருக்கின்றனவா? சீரியல் லைட், மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் ஒரே பிளக்கில் தொங்குகின்றனவா? பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் இருந்துவிடட்டும். மின் ஒயரில் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

வாசல் பார்த்தாலே தெரிய வேண்டும்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் வாசலை எப்படித் தயார் செய்வது என்பதைக் காஞ்சிபுரம் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் புறப்பட்டு, வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் போகிறார். அங்கே மலை மண்டபத்தில் எழுந்தருளி, பிறகு பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் மற்ற பெருமாள்களோடு சேர்ந்து காட்சி தருகிறார். வழியில் உள்ள ஊர்களில் மண்டகப்படி, கோலம், தோரணம், கற்பூரத் தட்டு, தண்ணீர் தெளித்த தெரு. பெருமாள் ஓர் ஊரில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக விடியற்காலையிலேயே வாசல் தயாராகிவிடும்.

வளைகாப்புக்கும் அதே வாசல் போதும். மாவிலைத் தோரணம், இரண்டு வாழைக்கன்று, காவி இட்ட மாக்கோலம். நுழைந்ததும் ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ. கால் கழுவத் தண்ணீரும், செருப்பு விடத் தனி இடமும். செருப்புக் குவியல் படிக்கட்டில் இருந்தால் முதலில் தடுக்கி விழுவது பெரியவர்கள்தான். அரிசி மாக்கோலம் எறும்பை அழைக்கும் என்பதால் அதை வாசலோடு நிறுத்திக்கொண்டு, தறிக்கூடத்தில் சின்னதாகச் சுண்ணாம்புப் பொடிக் கோலம் போடலாம்.

வாசலில் பூ அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க ஆசை வரும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். வழுக்காத தரை, எரியும் பல்பு, நிறைய தண்ணீர், ஒரு சோப்பு, உள்பக்கம் சரியாக விழும் தாழ்ப்பாள். விருந்தாளி பூவை மறந்துவிடுவார். தாழ்ப்பாள் இல்லாத கதவை மறக்க மாட்டார்!

அடுக்களையைச் சுருக்கினால் விருந்து பெருகும்

நல்லவேளையாக, வளைகாப்புக்கு நம் முன்னோர்கள் சின்ன வீட்டுக்கு ஏற்ற சாப்பாட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். கலந்த சாதம்! அங்கன்வாடிகள் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் கலந்த சாதம்தான் பரிமாறுகிறார்கள். சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக ஊற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை, சிந்துவதும் குறைவு.

60 பேருக்கு எல்லா சாதமும் சேர்த்து 6 கிலோ அரிசி போதும். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர். கூடவே வடை, அப்பளம், ஒரு பொரியல், ஊறுகாய். இதில் எதை எப்போது செய்வது என்பதில்தான் சூட்சுமம்.

புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் கசக்கும். தயிர் சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் கலந்தால் மதியம் வரை புளிக்காது. சீக்கிரம் கெட்டுப்போவது தேங்காய் சாதம். அதைக் கடைசியாகச் செய்து, முதல் பந்தியிலிருந்தே பரிமாறிவிட வேண்டும்.

சோற்றில் ஓர் எச்சரிக்கை தேவை. வெந்த பிறகும் சாகாத சில கிருமி விதைகள் அரிசியில் உண்டு. சூடு ஆறி, அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி வயிற்றைக் கெடுக்கும். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் வைக்கக் கூடாது, சூடாகப் பரிமாறுவதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. விழா நாயகி கர்ப்பிணி என்பதால் இதில் சமாதானமே கூடாது. மூன்று பந்திக்கும் ஒரே நேரத்தில் சோறு வடிக்காமல், இரண்டு தடவையாக வடிப்பது இதற்கு எளிய வழி.

காலையிலேயே வரும் சென்னைக்காரர்களுக்கு என்ன டிபன்? காஞ்சிபுரம் இட்லி இருக்கும்போது வேறு எதற்கு! வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. வீட்டில் குடலைக்குப் பதில் எண்ணெய் தடவிய டம்ளரில் ஊற்றி வேகவைக்கலாம். கரகரப்பாக அரைத்த மாவு, நெய், மிளகு, சுக்கு. மெத்தென்று இருக்காது, ஆனால் ஆறினாலும் ருசிக்கும். வடையும் பொங்கலும் அடுப்பை ஆக்கிரமித்திருக்கும் காலை நேரத்தில், முந்தைய இரவே ஊற்றி எடுத்து வைக்கக்கூடிய டிபன் பெரிய உதவி. பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

அடுப்பைக் கொல்லைப்புறத்தில் காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும். தாளிப்புப் புகை தறிக்கூடத்துக்கு வராதபடி இடைக்கதவைச் சாத்திவிடலாம்.

பரிமாற வாழை இலை. நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் யாருடையது என்று குழப்பம் வராது. தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுத்தால், அது அவர்கள் வீட்டிலும் வருடக்கணக்கில் உழைக்கும்.

விழா நாயகிக்கு ஓர் அறை

இத்தனை ஏற்பாட்டிலும் பல வீடுகளில் மறந்துபோகும் ஒருவர் உண்டு. வளையல் போட்டுக்கொள்ளும் பெண்தான்!

முதுகு சாயும் நாற்காலி, காலுக்குச் சின்ன பலகை, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். பட்டுச் சேலையும் நகையும் பூவுமாக இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வைக்காதீர்கள். பத்துப் பேர் வளையல் போட்டதும் ஐந்து நிமிட இடைவேளை. சாம்பிராணிப் புகையை அவள் இருக்கும் இடத்தில் தவிர்க்கலாம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வாசலிலிருந்தே வாழ்த்திவிட்டுப் போகலாம். முன்கூட்டியே போனில் பக்குவமாகச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உள் அறையில் பெட்டி, படுக்கை, சீர்வரிசைத் தட்டு என்று எல்லாவற்றையும் அடைத்துவிடாமல், அவள் கொஞ்சம் படுத்து எழ ஒரு பாய் அளவு இடம் விட்டுவையுங்கள். வரும் பாட்டிகளுக்கும் அந்த இடம் உதவும்.

அதே அக்கறை அம்மாவுக்கும் வேண்டும். தார் சுற்றிய கைதான் புளி கரைக்கிறது, வாசல் தெளிக்கிறது, பந்தி பரிமாறுகிறது. கடைசிப் பந்தியில், மிச்சம் இருப்பதைச் சாப்பிடுபவரும் அவர்தான். வேலைப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒருவர் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அம்மா பெயர் இரண்டு இடத்துக்கு மேல் வரக் கூடாது. தண்ணீர் கேன் வாங்குவது தம்பி, நாற்காலி எண்ணுவது சித்தப்பா, இலை போடுவது மருமகனின் நண்பர்கள். ஆண்கள் பரிமாறினால் சாதம் இறங்காதா என்ன?

கடைசிப் பந்திக்குப் பிறகு

விருந்து முடிந்த இரவுதான் தறி வீட்டுக்கு முக்கியமான நேரம். "காலைல பாத்துக்கலாம்" என்று எச்சில் இலையையும் சிந்திய சாதத்தையும் விட்டுவைத்தால், எலியும் கரப்பானும் வாசனை பிடித்து வந்துவிடும். சாதத்தைத் தின்றுவிட்டுப் போனால் பரவாயில்லை. கஞ்சி வாசம் உள்ள பட்டு இழையில் வாய் வைத்தால் என்னாவது? இலைக் குப்பை அன்றிரவே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். தறிக்கூடத்தைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, வளையல் சில்லு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குழிக்குள்ளும்தான்! மிஞ்சிய நல்ல சாதத்தை நேரத்தோடு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

முந்தைய நாள் இரவு ஒரு முறை இந்தப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்:

* தறிக்குழி மூடியாயிற்றா? பலகை ஆடுகிறதா?
* பாவுக்கு மேல் பருத்தித் துணி போட்டாயிற்றா?
* எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லியாயிற்றா?
* பந்தலுக்கு இரண்டு வழி, வாளியில் தண்ணீர், மணல்?
* கழிப்பறையில் பல்பு, தாழ்ப்பாள், சோப்பு?
* குடிக்க 20 லிட்டர் கேன் நான்கு. கை கழுவத் தனித் தண்ணீர்?
* மகளுக்குச் சாயும் நாற்காலி, படுக்கப் பாய் அளவு இடம்?
* வேலைத் தாளில் அம்மா பெயர் எத்தனை இடத்தில்?

மறுநாள் காலை வேட்டியை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டு, பலகையை நகர்த்தி, அப்பா மறுபடி குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்காருகிறார். உள்ளே படுத்திருக்கும் மகளின் கையில் புது வளையல் குலுங்குகிறது. இங்கே நாடா ஓடத் தொடங்குகிறது. தறி சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து பாட்டி குரல் கொடுக்கிறார்.

"அடுத்தது தொட்டில் போடணும். இப்பவே நாள் பாத்து வச்சுக்கோ. பாவு எப்ப முடியுதுன்னும் பாத்துக்கோ!"